பையன் பண்ணை மேலாளர் ஆகணும் என்கிறான், நம்பி இறங்கலாமா?

கேள்வி இதுதான்: “என் மகன் பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்திருக்கிறான். இன்ஜினியரிங் வேண்டாம், விவசாயம் படித்து பெரிய பண்ணைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். எங்களுக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர்தான். அவன் அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. என்ன படிக்க வேண்டும்? வேலை கிடைக்குமா? சம்பளம் எப்படி? கடைசி வரைக்கும் இதிலேயே இருக்க முடியுமா?”

அம்மா, நான் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்து 2001இல் வெளியே வந்தவன். முதல் ஏழு வருடம் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் இருந்தேன். 2008இலிருந்து உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு தனியார் பண்ணையில் இருக்கிறேன். தென்னை, வாழை, மக்காச்சோளம் என்று நூற்று முப்பது ஏக்கர் என் பொறுப்பு. உங்கள் மகன் தாராளமாக வரட்டும். ஆனால் இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு வரட்டும். நிறையப் பேர் பச்சைப் பசேலென்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்து ஒரே வருடத்தில் திரும்பிப் போகிறார்கள்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், வேலை என்னவென்று அதிலேயே புரிந்துவிடும். முதலாளி வருகிறார். “அஞ்சு ஏக்கர் சும்மா கிடக்குதே, ஜி-நைன் வாழை போட்டுடலாமா?” என்கிறார். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்று. நன்றாக வளர்ந்த வாழைக்கு வெயில் காலத்தில் நாளைக்கு இருபது லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஏக்கருக்கு 24,200 லிட்டர். நம் போர்வெல் மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் தள்ளுகிறது. மும்முனை மின்சாரம் ஆறு மணி நேரம் நம்பிக்கையாகக் கிடைக்கும். ஆக ஒரு நாளைக்கு அறுபதாயிரம் லிட்டர். இரண்டரை ஏக்கருக்கு மேல் தாங்காது. சித்திரையில் போர்வெல் இன்னும் இறங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு ஏக்கரோடு நிறுத்துவது நல்லது. நிலம் ஐந்து ஏக்கர் இருக்கலாம், தண்ணீர் இரண்டு ஏக்கருக்குத்தான் இருக்கிறது. இதை முதலாளி முகத்துக்கு நேராக, கணக்கோடு சொல்ல வேண்டியவன் மேலாளர். சொல்லாமல் ஐந்து ஏக்கரும் நட்டுவிட்டு, தார் தள்ளும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பட்டத்தில், அதாவது விதைப்புப் பருவத்தில், எது போடுவது, ஆள் எத்தனை பேர் வேண்டும், உரம் எப்போது, மருந்து தேவையா இல்லையா, அறுவடையை எந்தத் தேதிக்கு வைப்பது, வியாபாரி எப்போது வருவார் என்று எல்லாம் இப்படிப்பட்ட முடிவுகள்தான். பயிர் அறிவு இதில் ஒரு பங்கு. தண்ணீர், ஆள், பணம், நேரம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது மீதி.

சரி, படிப்புக்கு வருவோம். உயிரியல் பிரிவு என்பதால் கதவு திறந்தே இருக்கிறது. பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வேளாண்மை நான்கு வருடம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டு, தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு, மறக்காமல் கேளுங்கள். கோவை, மதுரை, கிள்ளிகுளம், திருச்சி என்று பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கோவைக் கல்லூரியின் வேர் 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் இருக்கிறது, 1906இல் கோவைக்கு வந்தது. அங்கே உள்ள வயல்களில் நடந்தாலே பாதிப் படிப்பு வந்துவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பழைய, நல்ல இடம்.

தனியார் கல்லூரி என்றால் கவனம். எங்கே சேர்ந்தாலும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். மேல்படிப்புக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள். இன்னொன்று, கல்லூரிக்குச் சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், அதில் பயிர் நிற்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கட்டடத்தைக் காட்டினால், “வயல் எங்கே?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மதிப்பெண் குறைவாக இருந்தால் இரண்டு வருட வேளாண்மைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. இதை மட்டமாக நினைக்காதீர்கள். என் பண்ணையில் என் வலது கையாக இருக்கும் தம்பி டிப்ளமோதான். அரசின் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கும் அந்தப் படிப்பே தகுதி. வயலில் இறங்கி வேலை பார்க்கும் ஆசை உண்மையாக இருக்கிற பிள்ளைக்கு டிப்ளமோ ஒரு நல்ல வழி.

நான்கு வருடப் படிப்பில் கடைசி வருடம் ஊரக வேளாண் பணி அனுபவம் என்று ஒரு பகுதி வரும். மாணவர்களை ஒரு கிராமத்தில் தங்க வைத்து விவசாயிகளோடு வேலை செய்ய விடுவார்கள். பாதிப் பேர் அதை ஃபோட்டோ எடுத்து ரெக்கார்டு எழுதுவதோடு முடித்துவிடுகிறார்கள். உங்கள் மகன் அந்த மாதங்களை மட்டும் ஒழுங்காகப் பயன்படுத்தினால், நேர்காணலில் உட்காரும்போது வித்தியாசம் தெரியும். நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தங்கியிருந்த ஊரில் எந்த விவசாயியோடு இருந்தாய், அவருக்கு அந்தப் பட்டத்தில் என்ன செலவு ஆனது?” பதில் சொன்னவர்கள் குறைவு. சொன்னவர்கள் யாரும் என்னை ஏமாற்றியதில்லை.

இனி, வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன்.

மக்காச்சோளத்தில் படைப்புழு 2018இல்தான் இந்தியாவுக்குள் வந்தது. கர்நாடகாவில் சிவமொக்கா பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், அந்த வருடமே எங்கள் பக்கம் வந்துவிட்டது. யாருக்கும் அனுபவமில்லாத புழு. புதிதாகச் சேரும் பிள்ளைகளை நான் காலை ஆறரைக்கு மக்காச்சோளத்துக்குள் கூட்டிப் போவேன். விதைத்து இருபது நாள் பயிர். வரப்பில் நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத் தெரியும். உள்ளே போய், கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடியின் குருத்தை விரித்துப் பார்க்க வேண்டும். இலையில் பச்சையைச் சுரண்டித் தின்று கண்ணாடித்தாள் போல விட்டிருந்தால் புழு இன்னும் சின்னது. குருத்தில் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்திருந்தால் பெரியது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தால் தலையில் தலைகீழ் ‘ஒய்’ எழுத்து போலக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த அடையாளத்தை ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான்.

நூறில் எத்தனை செடியில் அறிகுறி என்று நோட்டில் எழுத வேண்டும். மூன்று, நான்கு என்றால் அன்றைக்கு மருந்து கிடையாது. மூன்று நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். பத்தைத் தாண்டினால் அடிக்க வேண்டும், அதுவும் காலையிலோ மாலையிலோ, குருத்துக்குள் இறங்கும்படி. எமாமெக்டின் பென்சோயேட் லிட்டருக்கு 0.4 கிராம் என்றால் பதினாறு லிட்டர் டேங்குக்கு ஆறரை கிராம் கூட வராது. “கொஞ்சம் தூக்கலாகப் போடுங்க” என்று கடையில் சொல்வார்கள், கேட்கக் கூடாது. ஆள் குருத்தை விட்டுவிட்டு இலை மேல் விசிறிக்கொண்டே போனால் எத்தனை கிராம் போட்டும் பயனில்லை, அதனால் டேங்க் தூக்குகிறவர் பின்னாலேயே மேலாளர் நடக்க வேண்டும்.

மருந்து அடிக்காமல் விடுவதும் இந்த வேலையில் ஒரு பெரிய முடிவு. நான் அதைக் கற்றது பப்பாளியில். 2008இல் கோவை வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. எங்கள் பண்ணையில் நான்கு ஏக்கர் பப்பாளி. மாவு போல மெழுகு மூடியிருப்பதால் மருந்து உடம்பில் படாது. அடித்தேன், பத்து நாளில் மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். களை எடுக்க வந்த ஒரு பாட்டியம்மா, “தம்பி, பூச்சியைப் பார்க்கறீங்க, எறும்பைப் பார்க்கலையா? எறும்பு ஏறுற மரத்துலதான் முதல்ல வெள்ளை விழுது” என்றார். அவர் சொன்னது சரி. மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். நான் எத்தனை புத்தகத்தில் படித்தும் மரத்தடியில் குனிந்து பார்க்கவில்லை. அப்புறம் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதை விட்ட பிறகு மருந்தை அடியோடு நிறுத்தினோம். கை பரபரக்கும், முதலாளி கேட்பார், பக்கத்துத் தோட்டத்தில் பம்ப் சத்தம் கேட்கும். அடித்தால் குளவியும் செத்துப்போகும். பொறுத்திருந்தோம். சில மாதங்களில் வெள்ளை மறைந்தது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகனுக்கு உதவும். மக்காச்சோளத்தில் களைக்கு 2,4-டி அடித்த தெளிப்பானை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, மறுநாள் பருத்திக்கு மருந்து அடிக்கக் கொடுத்துவிட்டேன். பருத்திக்கு அந்தக் களைக்கொல்லி துளி பட்டாலும் ஆகாது. ஒரு வாரத்தில் புது இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கி, வெண்டை இலை போல நீண்டு நின்றது. ஒன்றரை ஏக்கர் பயிர் பின்தங்கிப் போனது. அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் பண்ணையில் களைக்கொல்லிக்குத் தனி டேங்க், சிவப்புப் பெயின்ட் அடித்து, தனி அறையில். சாவி என்னிடம்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். இருபத்திரண்டு வயதுப் பையன், நாற்பது வருடம் வயலில் நின்றவர்களை வேலை வாங்கப் போகிறான். சட்டமாகப் பேசினால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அக்கா, அண்ணா, பெரியம்மா என்று வயதுக்கு ஏற்ற முறை வைத்துக் கூப்பிட வேண்டும். கூலியைச் சனிக்கிழமை என்று சொன்னால் சனிக்கிழமையே கையில் கொடுக்க வேண்டும். குடிதண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை இந்த மூன்றையும் முதலாளியிடம் கேட்டு வாங்குவதும் மேலாளரின் வேலை. மருந்து அடிக்கிறவருக்குக் கையுறை, முகமூடி கொடுத்தால் போதாது, போடாமல் டேங்கைத் தோளில் ஏற்ற விடக்கூடாது. வெயிலில் அவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

வேலை எங்கெல்லாம் கிடைக்கும்? சொந்தமாகப் பண்ணை வைத்திருக்கும் மருத்துவர்கள், தொழிலதிபர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா, வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலை எஸ்டேட், வீரிய விதை உற்பத்தி செய்யும் கம்பெனிகள், சர்க்கரை ஆலைகள் எல்லாவற்றிலும் வயல் அலுவலர் வேலை உண்டு. என்னைக் கேட்டால் சர்க்கரை ஆலை ஒரு நல்ல பள்ளிக்கூடம். எந்த வயலை எப்போது நட்டார்கள், எது முற்றியிருக்கிறது, யாருக்கு முதலில் வெட்டு உத்தரவு என்று ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே வரிசையில் வைக்கக் கற்றுக்கொள்ளலாம். வெட்டிய கரும்பு ஒரு நாள் வெயிலில் கிடந்தாலே எடையும் சர்க்கரையும் இறங்கும், அதனால் லாரியும் ஆளும் ஆலையும் ஒரே கயிற்றில் ஓட வேண்டும். கஷ்டமும் உண்டு. நான் இருந்த ஆலை ஒரு பருவத்தில் விவசாயிகளுக்குப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தது. முடிவெடுத்தவர்கள் அறைக்குள் இருந்தார்கள், ஊருக்குள் பைக்கில் போய்ப் பதில் சொன்னது நாங்கள். நான் அங்கிருந்து வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆரம்பச் சம்பளமும் கூட. ஆனால் மாதம் இத்தனை லிட்டர் விற்க வேண்டும் என்று இலக்கு கொடுத்துவிடுவார்கள். மருந்து தேவையா என்று வயலைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் அங்கே வராது. பயிரைப் பார்த்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளை முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அரசு வேலை வேண்டுமென்றால் டிஎன்பிஎஸ்சி வழியாக வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு வேளாண் பட்டதாரிகளுக்கென்றே ஐபிபிஎஸ் தேர்வு இருக்கிறது, தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். நல்ல வேலைகள்தான், ஆனால் அதில் பயிர் உங்கள் மகன் கையில் இருக்காது, கோப்புதான் இருக்கும். அவன் அப்பாவுக்கு மனம் சமாதானம் ஆகும் என்றால் இதையும் சொல்லி வையுங்கள்.

இன்னும் இரண்டு வழி. 2020இல் மத்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தலைமைச் செயல் அலுவலர் சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை மூன்று வருடத்துக்கு உதவி உண்டு. நூற்றுக்கணக்கான விவசாயிகளின் பயிரையும் விற்பனையையும் ஒருவரே பார்க்கும் வேலை என்பதால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்தால் 2002இலிருந்து நடக்கும் அக்ரி கிளினிக் (விவசாயிகளுக்கு ஆலோசனை தரும் மையம்) திட்டத்தில் 45 நாள் பயிற்சி கொடுத்து, வங்கிக் கடனுக்கு 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம் மானியம் தருகிறார்கள்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். தனியார் பண்ணையில் ஆரம்பம் குறைவு. நான் 2001இல் ஆலையில் 4,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். எங்கள் பண்ணையில் போன வருடம் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த பிள்ளைக்கு 18,000, தங்க வீடும் அரிசி, தேங்காயும் தனி. கூடப் படித்தவன் ஐடியில் சேர்ந்து வாங்குவதைப் பார்த்தால் முதல் மூன்று வருடம் மனம் சோர்ந்து போகும். தாங்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஒரு பயிரின் இரண்டு முழுச் சுற்றையாவது பார்த்தவனுக்கு அதன் பிறகு விலை ஏறும். வருடத்துக்கு ஒரு வேலை மாறுகிறவன் நட்ட வாழையை வெட்டிப் பார்த்திருக்க மாட்டான், அதைக் கேட்கும் முதலாளிக்கு உடனே தெரியும். சேரும்போதே அறுவடை லாபத்தில் பங்கு பற்றிப் பேச வேண்டாம். மூன்றாவது வருடம், கையில் கணக்கு நோட்டு இருக்கும்போது பேசலாம். நான் அப்படித்தான் பேசினேன், கிடைத்தது.

எழுத்தில் வேலை உத்தரவு, வருங்கால வைப்பு நிதி, விபத்துக் காப்பீடு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தனியார் பண்ணைகளில் பலர் வாய்வார்த்தையில் சேர்ந்துவிடுகிறார்கள். டிராக்டர், மின்சாரம், பாம்பு, விஷ மருந்து எல்லாவற்றோடும் புழங்கும் வேலை இது.

அவன் அப்பா விருப்பப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விவசாயம் பார்த்துக் கஷ்டப்பட்ட மனிதருக்கு அந்தப் பயம் வருவது நியாயம். என் அப்பாவும் நான்கு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவரிடம் சம்பளம், பதவி என்று வாதாட வேண்டாம். ஒன்றரை ஏக்கரில் இருபது சென்ட்டை மட்டும், கல்லூரி திறக்கும் வரைக்கும் பையனிடம் விடச் சொல்லுங்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தால் உளுந்து போடட்டும், எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். விதைப்பதற்கு முன் அந்த ஒன்றரை ஏக்கர் முழுவதிலும் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ வடிவில் குழி வெட்டி மண் எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாகக் குறைத்து, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கட்டும். அப்படியே உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு நடை போய்வரட்டும். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது, இன்று பெரும்பாலும் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. பிளஸ் டூ படித்த பையன் கேள்வியோடு வந்தால் அங்கே சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் தேதி, விதை ரகம், எத்தனை கிலோ, என்ன விலை. அப்புறம் தினமும் இரண்டு வரி: மழை பெய்ததா, தண்ணீர் விட்டானா, எந்தப் பூச்சியைப் பார்த்தான், எத்தனை செடியில், யாருக்கு எவ்வளவு கூலி. பார்க்கத் தவறிய நாளைக் காலியாகவே விடட்டும், இட்டுக்கட்டி எழுத வேண்டாம். உளுந்தைத் தட்டி எடை போட்ட அன்று அந்த நோட்டை அவன் அப்பா கையில் கொடுத்து, கணக்கை அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.